லைசன்ஸ் லீலாவதி பேரில்

லம்பாசா
3 ஜூலை 1987

மாஸ்டருக்கு லீலாவதி எழுதிக்கிறது.

நீங்க ஆக்லாந்து போய்ச் சேந்த கடிதாசி வந்துச்சு. உங்க சிநேகிதர் ராமச்சந்திரன் வீட்டுல தனி அறை குடுத்திருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. சந்தோசம். குளிருக்கு ஸ்வெட்டரை வீட்டுக்குள்ளயும் போட்டுக்குங்க, யாரும் பாத்துச் சிரிக்க மாட்டாங்க.

இங்கே ஒரு விஷயம் நடந்துபோச்சு. உங்களைக் கேக்கலை. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவீங்க, அதனாலதான் கேக்கலை.

மே மாசம் சிப்பாய்ங்க பார்லிமெண்டுக்குள்ள நுழைஞ்சு ஆட்சியைப் பிடிச்சதிலேருந்து எங்க ஜவுளிக்கடை முதலாளிக்குத் தூக்கம் இல்லை. பள்ளிக்கூட வேலைக்கு உங்க பர்மிட்டை நீட்டமாட்டோம்னு கவர்மெண்டு சொன்னப்பவே அவர் சிட்னிக்குப் பேப்பர் போட்டுட்டார். போன வாரம் கடையைப் பூட்டிட்டார். மிச்சத் துணியில உனக்குப் பிடிச்ச புடவையை எடுத்துக்கோன்னார். எடுத்துக்கிட்டேன். அதோட வேலை போச்சு.

சுஷீலா அக்காவைத் தெரியுமில்ல, பெரிய ரோட்டுல மாடி ஹோட்டல், கீழே பார். அவங்க வீட்டுக்காரர் பல்ராம், மகனைப் பாத்துட்டு வந்துடறேன்னு வான்கூவர் போனவர் வரவே இல்லை. பாரைப் பாத்துக்கிட்ட மேனேஜரும் கூடவே ப்ளேன் ஏறிட்டான். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பஹினி, தங்கச்சி, நீ கல்லாவுல இருந்தவ. அங்கே துணி, இங்கே பீர். நீ வந்து மேனேஜரா நில்லு"ன்னாங்க.

திங்கக்கிழமை போய் நின்னேன். பப்ளிக் பார்ல கவுண்டருக்கும் ஆளுங்களுக்கும் நடுவுல கம்பி வலை அடிச்சிருக்கு, கோழிக்கூண்டு மாதிரி. கோழி நானா அவங்களான்னு தெரியலை. நான் உள்ளே வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. நீங்க க்ளாஸுக்குள்ள நுழையறப்போ இப்படித்தான் இருக்குமா?

ஜோனேன்னு ஒரு ஃபிஜிக்காரர் அங்கே பழைய ஆள். சோபா போட்ட லவுஞ்சுப் பக்கம் பீப்பாய்லேருந்து குழாய் வழியா வர்ற பீரை எப்படிப் பிடிக்கணும்னு காட்டினார். கிளாஸைச் சாய்ச்சுப் பிடிக்கணும். நான் நேரா பிடிச்சுட்டேன். பூரா நுரை. அதையே கொண்டுபோய் வச்சேன். ஒரு கரும்புக்காரர் இந்தியில, "மாஸ்டர் சம்சாரம் லஸ்ஸி குடுக்கறாங்கடா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம் பயம் போச்சு, முழுசா இல்லை, கொஞ்சம்.

தமிழ்ல தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்பாதீங்க.

லீலாவதி


ஆக்லாந்து
16 ஜூலை 1987

அன்புள்ள லீலா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன்.

லம்பாசாவில் என்னைத் தெரியாத வீடு கிடையாது. என்னிடம் அல்ஜீப்ரா படித்த பிள்ளைகளின் அப்பாக்களுக்கு நீ பீர் ஊற்றிக் கொடுக்கிறாய், அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதை எனக்கு நல்ல செய்தி போல எழுதுகிறாய். விருத்தாசலத்தில் அம்மாவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஃபிஜியில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது வீட்டில் நான் எத்தனை பேச்சுக் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று நீயே சாட்சி சொல்கிறாய்.

உன்னைக் குறைவாக நினைத்து எழுதவில்லை. குடித்தவன் எப்போது எப்படி மாறுவான் என்று யாருக்கும் தெரியாது. அங்கே இப்போது சட்டம் யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியாது. ஏதாவது ஒன்று நடந்தால் நான் கடலைத் தாண்டி எப்படி வருவேன்?

வேலையை விட்டுவிடு. நான் அழைக்கும்வரை உன் அப்பா வீட்டில் போய் இரு. அடுத்த வாரம் ஒரு பள்ளியில் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைத்துவிடும். கிடைத்ததும் உனக்கு விசா எடுக்கிறேன்.

ராமச்சந்திரனிடமும் அவர் மனைவி சரளாவிடமும் நீ இன்னும் ஜவுளிக்கடையில் இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு எழுதினால் அப்படியே எழுது.

பாஸ்கரன்


லம்பாசா
31 ஜூலை 1987

பாஸ்கரன் அவர்களுக்கு,

அப்பா வீட்டுக்குப் போன்னு எழுதியிருந்தீங்க. நான் போகலை. அப்பாதான் இங்கே வந்தார்.

சிப்பாய்ங்க ஆட்சியை எதிர்த்துக் கரும்பு வெட்டமாட்டோம்னு விவசாயிங்க இந்த வருசம் நிறுத்தி வச்சிருக்காங்க. மில் புகை விடலை. வேலையில்லாத ஆம்பளைங்க காலையிலேயே வந்துடறாங்க. நடுவுல ஒரு பெரிய பாட்டில், எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு சின்ன கிளாஸ். ஒருத்தர் குடிச்சுட்டு அடுத்தவருக்கு ஊத்திக் குடுக்கணும். கிளாஸ் சுத்தறப்போ பேச்சும் சுத்துது. யாருக்குக் கனடா கிடைச்சுது, யார் மாட்டை வித்தாங்க, யார் பொண்ணை வெளிநாட்டுப் பேப்பர் இருக்கிற மாப்பிள்ளைக்குக் குடுக்கறாங்க, இதான் பேச்சு.

போன வியாழக்கிழமை அப்பாவும் அப்படி ஒரு கூட்டத்தோட வந்து உக்காந்தார். உங்க மாமனார் அப்பாசாமி வாத்தியார்தான். தென்னிந்திய சங்கம் ஸ்கூல்ல தமிழ் சொல்லிக்குடுத்தப்போ ஒரு சொட்டுத் தொடமாட்டார். கரும்புக்காட்டுக்குத் திரும்பின பிறகு பழகினது. என்னை வலைக்குப் பின்னாடி பாத்தார், பாக்காத மாதிரி இருந்தார். மத்தியானம் ஆனப்போ எழுந்து கவுண்டருக்கு வந்தார். கால் நிக்கலை.

"இன்னொரு பாட்டில்"னார்.

"போதும்பா."

"நான் உன் அப்பன்."

"அது வீட்டுல. இங்கே நீங்க கஸ்டமர். போதும்."

பார்ல எல்லாரும் எங்க பக்கம் திரும்பிட்டாங்க. அங்கே தமிழ் தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு பேர்தான், ஆனா என்ன பேசறோம்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. அப்பா மெதுவா, "உன் விரலைப் பிடிச்சு எழுதவச்ச கை இது"ன்னார். "அந்தக் கை நடுங்குதுப்பா. வீட்டுக்குப் போங்க"ன்னேன்.

போயிட்டார். நான் ஸ்டோர் ரூமுக்குள்ள போய் காலிப் பாட்டில் பெட்டி மேல உக்காந்து அழுதேன். ஜோனே கதவுகிட்ட வந்து, "மாராமா, வெளியே ஆள் நிக்குது"ன்னார். மாராமான்னா அவங்க பாஷையில அம்மணின்னு அர்த்தம். முகத்தைத் துடைச்சுக்கிட்டு வந்து ஊத்தினேன்.

இப்போ பார்ல ஒரு பேச்சு ஆயிடுச்சு. சொந்த அப்பனுக்கே போதும்னு சொன்னவ, நம்மளை விடுவாளான்னு. யாரும் எதிர்த்துப் பேசறதில்லை. அப்பாவும் என்கிட்ட பேசறதில்லை. சந்தையில பாத்தா தலையைத் திருப்பிக்கிறார்.

வேலையை நான் விடலை. ராமச்சந்திரன் வீட்டுக்கு நான் எழுதப்போறதில்லை, அதனால பொய்யும் எழுதவேண்டியதில்லை. உங்க இன்டர்வியூ என்ன ஆச்சுன்னு மட்டும் எழுதுங்க. எனக்கு இங்கே இருக்கிற ஒரே தொல்லை லவுஞ்சுக் குழாய்தான், நான் எப்படிச் சாய்ச்சாலும் நுரையாவே வருது.

லீலாவதி


ஆக்லாந்து
22 ஆகஸ்ட் 1987

அன்புள்ள லீலா,

உடனே பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். நீ உன் அப்பாவிடம் பேசியது சரி என்று எழுதக் கை வரவில்லை. தப்பு என்று எழுதவும் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னொரு பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நேர்முகம் ஒரு மாதிரி நடந்தது. நம் ஊர் பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே வகுப்புக்குப் போகமுடியாதாம். இந்த ஊர் ஆசிரியர் பதிவு வேண்டும். அதற்கு மனு போட்டிருக்கிறேன். நடுவில் சாயங்காலங்களில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால் வீட்டுக்கு வர நேரமாகிறது. மழை நிற்பதே இல்லை. கால்விரல்கள் எப்போதும் சில்லிட்டே இருக்கின்றன.

உன் நுரைக்கு ஒன்று சொல்கிறேன். பீப்பாய் லாரியில் ஆடிக்கொண்டு வந்திருக்கும். வந்த அன்றே குழாயை மாட்டாதே. குளிர் அறையில் ஒரு நாள் அசையாமல் நிற்கட்டும். குழாயை வாரம் ஒருமுறை மருந்து விட்டுக் கழுவிப் பிறகு வெறும் தண்ணீர் நிறைய ஓடவிடு. கிளாஸ் கழுவுகிற தண்ணீரில் சமையலறைத் துணியைப் போடாதே, எண்ணெய் ஒட்டினால் பீர் சரியாக நிற்காது.

சாப்பிடுகிறாயா?

பாஸ்கரன்


லம்பாசா
6 செப்டம்பர் 1987

மாஸ்டருக்கு,

நீங்க சொன்னபடி செஞ்சேன். பீப்பாயை நிக்கவிட்டோம், குழாயைக் கழுவினோம். கறுப்பா என்னென்னமோ வந்துச்சு. இப்போ பீர் தங்கமா வருது, மேல ரெண்டு விரல் நுரை, அவ்வளவுதான். ஜோனே ஒரு கிளாஸை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னார்.

இது எந்தக் கணக்குப் புத்தகத்துல இருக்கு மாஸ்டர்? நீங்க ஒரு வாய் பீர் குடிச்சு நான் பாத்ததில்லை. சமையலறைத் துணி வரைக்கும் உங்களுக்கு யார் சொன்னாங்க? சாயங்காலம் எந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறீங்க? கோபமா கேக்கலை. ஆனா கேக்கறேன்.

இன்னொண்ணு இருக்கு, அதுக்கு உங்க பதில் சீக்கிரம் வேணும். பல்ராம் வான்கூவர்லேருந்து எழுதிட்டார், திரும்பி வரப்போறதில்லை. லைசன்ஸ் அவர் பேர்ல இருக்கு. ஆள் ஊர்ல இல்லாம லைசன்ஸ் நிக்காது. அக்கா தன் பேர்ல எடுக்கப் பயப்படறாங்க, அவங்களும் மனசுக்குள்ள பெட்டி கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. "உன் பேர்ல எடு லீலா, கோர்ட்ல நான் சொல்றேன்"ங்கறாங்க. இருபத்திரெண்டாம் தேதி கோர்ட்ல லைசன்ஸ் விசாரணை.

கையெழுத்துப் போட்டா ஒரு வருசம் நான்தான் பொறுப்பு. வேற ஆளுக்கு மாத்தினாத்தான் நகரமுடியும். நீங்க கூப்பிட்டாலும் உடனே ஓடி வரமுடியாது.

ஒரு பக்கம், யாரோ ஒரு பலகையில என் பேரை எழுதப்போறாங்கன்னு நினைச்சா கை பரபரங்குது. இன்னொரு பக்கம் காலையில எழுந்ததும் வேணாம்னு தோணுது. என்ன செய்யட்டும்?

லீலாவதி


ஆக்லாந்து
18 செப்டம்பர் 1987

அன்புள்ள லீலா,

கண்டுபிடித்துவிட்டாய். பிள்ளைகள் யாரும் இல்லை. ஜூலை கடைசியிலிருந்து இங்கே ஒரு பப்பில் வேலை செய்கிறேன். வேலை என்றால் மேஜை மேஜையாகப் போய்க் காலி கிளாஸ்களை அடுக்கி எடுத்து வருவது, சாம்பல் கிண்ணங்களைத் துடைப்பது, காலையில் கீழ் அறையில் பீப்பாய் உருட்டுவது. வந்து பார்த்துப்போகத்தான் எனக்கு விசா, வேலை செய்ய அல்ல. அதனால் சம்பளம் கையில், பெயர் எங்கும் கிடையாது. ராமச்சந்திரனுக்குத் தெரியாது. சட்டையில் வரும் வாசனைக்கு பஸ்ஸில் பக்கத்து ஆள் குடித்திருந்தார் என்று சரளாவிடம் சொல்கிறேன். அவர்கள் நம்புகிறார்களா என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஒரு மேஜையில் கிளாஸ் எடுக்கக் குனிந்தேன். எதிரே ஷாலேஷ். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னிடம் படித்த பையன், நினைவிருக்கும், வீட்டுக்குக்கூட வருவான். குடும்பத்தோடு வந்துவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றான். "மாஸ்டர்!" அவ்வளவு சத்தத்திலும் அது கேட்டது. கூட இருந்தவர்கள் எல்லாம் என்னையும் என் கையிலிருந்த சாம்பல் கிண்ணத்தையும் பார்த்தார்கள். "உட்காரப்பா" என்றேன், வகுப்பில் சொல்கிற மாதிரியே. அவன் உட்காரவில்லை. நான் அந்தப் பக்கம் போகும்வரை நின்றுகொண்டே இருந்தான்.

நீ கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாய் என்று கோபப்பட்டவன் நான். எனக்குக் கவுண்டருக்குப் பின்னால் போகக்கூட இன்னும் அனுமதி இல்லை.

முதலாளி ஒரு விதவை, டோரதி என்று பெயர். வாய் பொல்லாதது, மனசு நல்லது. குழாய் கழுவுவது அவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

கையெழுத்துப் போடாதே லீலா. இது உத்தரவு இல்லை. உத்தரவு போடும் நிலையில் நான் இல்லை. ஒரு வருஷம் இந்த அறையில் தனியாக, பொய் சொல்லிக்கொண்டு, என்னால் முடியாது. என்ன வேலை கிடைத்தாலும் இரண்டு பேருமாகச் செய்யலாம். வந்துவிடு.

பாஸ்கரன்


லம்பாசா
14 அக்டோபர் 1987

மாஸ்டருக்கு,

உங்க கடிதாசி நேத்துத்தான் வந்துச்சு. ரெண்டாம் தடவையும் சிப்பாய்ங்க ஆட்சியைப் பிடிச்சது உங்களுக்கு ரேடியோவுல தெரிஞ்சிருக்கும். தபால், போன் எல்லாம் நின்னுபோச்சு. கையெழுத்துப் போடாதேன்னு நீங்க எழுதினது என் கைக்கு வர்றப்போ நான் போட்டு மூணு வாரம் ஆயிருந்துச்சு.

கோர்ட்ல மாஜிஸ்திரேட்டு கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தார். "புருஷன் எங்கே?" நியூஸிலாந்துலன்னேன். "என்ன வேலை?" கணக்கு மாஸ்டர்னேன். உங்க கடிதாசி வரலையே, எனக்கு வேற என்ன தெரியும். "நீ குடிப்பியா?" இல்லை சார். "குடிக்காதவளுக்கு இந்த வியாபாரத்தைப் பத்தி என்ன தெரியும்?" எனக்குக் கோபம் வந்துடுச்சு. "குடிக்கிறவங்களைப் பத்தித் தெரியும் சார். யாருக்கு எப்போ நிறுத்தணும்னு தெரியும்"னேன். சிரிச்சுட்டு முத்திரை குத்தினார். மறுநாள் கதவுக்கு மேல வெள்ளை பெயிண்டுல என் பேரை எழுதினாங்க. ரோட்டைத் தாண்டிப் போய் நின்னு பாத்தேன். அப்பாசாமின்னு அப்பா பேரும் இல்லாம, உங்க பேரும் இல்லாம, லீலாவதின்னு மட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்சி கவுந்துச்சு. ஊர்ல கர்ஃப்யூ, பாரை ஆறு மணிக்கே அடைக்கணும்னு உத்தரவு. அடுத்த வாரம் ஒரு லாரியில சிப்பாய்ங்க வந்து இறங்கினாங்க. துப்பாக்கியை மேஜை மேல வச்சுட்டுக் குடிச்சாங்க. மத்தவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. ஆறு மணிக்கு நான் மணி அடிச்சேன். அவங்கள்ள பெரியவன், இன்னும் கொண்டான்னான். ஜோனே அவங்க பாஷையில பணிவா என்னமோ சொன்னார். ஒருத்தன் எழுந்து அவரை நெஞ்சுல கை வச்சுச் சுவரோட தள்ளினான். தலை சுவர்ல இடிச்ச சத்தம் கேட்டுச்சு.

நான் எப்படி வலைக்கு வெளியே வந்தேன்னு தெரியலை. வந்துட்டேன். "ஸா ஓதி"ன்னேன். முடிஞ்சுதுன்னு அர்த்தம், எனக்குத் தெரிஞ்ச ஃபிஜி வார்த்தை அவ்வளவுதான். மீதியை இங்கிலீஷ்ல சொன்னேன். "கதவு மேல இருக்கிறது என் பேரு. ஆறு மணிக்கு மேல ஊத்தினா அந்தப் பேரு போயிடும். ஆறு மணின்னு சட்டம் போட்டது நானில்லை, நீங்க."

பெரியவன் என்னையே பாத்தான். பாட்டில்ல இருந்ததைக் குடிச்சு முடிச்சான். அதைக் கையிலேருந்து சிமெண்டுத் தரையில விட்டான், வேணும்னேதான். உடைஞ்சுது. எழுந்து போயிட்டாங்க.

ஜோனே துடைப்பத்தை எடுத்தார். நான் பெரிய துண்டுங்களைப் பொறுக்கினேன். புடவை நனைஞ்சிருந்துச்சு, பீரா வேர்வையான்னு தெரியலை. சிப்பாய்ங்க இப்பவும் வர்றாங்க. காசு தர்றதில்லை. ஆனா ஆறு மணிக்கு முன்னாடி போயிடறாங்க.

மறுநாள் அப்பா வந்தார். உள்ளே வரலை. எதிர்க்கடை வாசல்ல ஒரு பெட்டியைப் போட்டு நாங்க அடைக்கிற வரைக்கும் உக்காந்திருந்தார். தினமும் வர்றார். இன்னும் பேசலை.

நீங்க சாம்பல் கிண்ணம் துடைக்கிறது எனக்கு அவமானமா இல்லை. அந்தப் பையன் எழுந்து நின்னானே, அதைப் படிச்சப்பதான் அழுகை வந்துச்சு.

என்னை வந்துடுன்னு எழுதியிருக்கீங்க. எப்படி வருவேன்?

லீலாவதி


ஆக்லாந்து
4 நவம்பர் 1987

அன்புள்ள லீலா,

உன் கடிதத்தைப் பப்பின் கீழ் அறையில் பீப்பாய்களுக்கு நடுவில் நின்று படித்தேன். படித்து முடித்து அங்கேயே நின்றேன். டோரதி மேலிருந்து கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை. இறங்கி வந்து, வீட்டில் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, என் மனைவி சிப்பாய்களிடம் கடையை மூடிவிட்டாள் என்றேன். முழுவதையும் சொல்ல வைத்தாள். உன் அப்பா கதையையும் சொன்னேன். அவள் ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

ஆசிரியர் பதிவு கிடைக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் கல்லூரியில் படிக்கவேண்டுமாம். ஒருமுறை நீட்டி வாங்கிய என் விசாவும் பிப்ரவரியில் முடிகிறது. ஃபிஜிக்குத் திரும்ப எனக்கு அனுமதி இல்லை. உன் புருஷன் என்பது அங்கே போதாது, அதிகாரியிடம் அப்போதே கேட்டாயிற்று. மிச்சம் இருப்பது விருத்தாசலம்.

டோரதி நேற்று ஒன்று சொன்னாள். அவளுக்கு முழங்கால் முடியவில்லை, பாரை நடத்த லைசன்ஸ் எடுத்துப் பழகிய ஆள் வேண்டும், கிடைக்கவில்லை. வக்கீலை வைத்து உனக்கு வேலை அனுமதி கேட்டு மனு போடத் தயாராக இருக்கிறாள். உனக்கு லீலா, எனக்கில்லை. "உன்னை யார் கேட்டார்கள்? நீ கிளாஸை இரண்டு கையால் தூக்குகிறவன்" என்றாள். உன் மனு சரியானால், உன் புருஷன் என்ற பெயரில் எனக்கும் இருக்க இடம் தருவார்கள்.

ராமச்சந்திரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சரளாவைப் பார்த்தார். சரளாதான், "பஸ்ஸில் தினமும் ஒருத்தர் உங்கள் மேல் பீரைக் கொட்டினாரா அண்ணா?" என்று கேட்டாள்.

போன கடிதத்தில் வா என்று எழுதினேன். இப்போது கேட்கிறேன். உன் பெயரை அந்தக் கதவிலிருந்து நீயே எடுக்கவேண்டியிருக்கும். அது எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது.

பாஸ்கரன்


லம்பாசா
12 டிசம்பர் 1987

மாஸ்டருக்கு,

உங்க கடிதாசிக்குப் பதில் எழுத உக்காந்து உக்காந்து எழுந்துபோயிட்டேன். போகலாம்னு நினைச்சா இந்த இடம் இழுக்குது. இருக்கலாம்னு நினைச்சா கால் நிக்கமாட்டேங்குது. பாட்டிலை அடுக்கறேன், அடுக்கினதைக் கலைச்சு மறுபடி அடுக்கறேன்.

வியாபாரம் நல்லா இருக்கு. ஏன்னு தெரியுமா? எல்லாரும் கிளம்பறாங்க. கிளம்பறவங்க முந்தின நாள் இங்கே வந்து சிநேகிதங்களோட உக்காறாங்க. மில் க்ளார்க்கு, நர்ஸோட வீட்டுக்காரர், உங்க ஸ்கூல் சயன்ஸ் மாஸ்டர், எல்லாருக்கும் கடைசிக் கிளாஸை நான்தான் ஊத்தினேன். சிரிச்சுக்கிட்டே வருவாங்க, போறப்போ வலையில விரலைக் கோத்துக்கிட்டு நிப்பாங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ஸும் ஓடக்கூடாது, கடையும் திறக்கக்கூடாதுன்னு புதுச் சட்டம். அன்னைக்கு ஊரே செத்துக்கிடக்கு. அந்த அமைதியில மாடியில உக்காந்து யோசிச்சேன். இப்படியே ஊத்திக்கிட்டிருந்தா கடைசியில எனக்கு ஊத்த யாரு இருப்பா?

சுஷீலா அக்காவும் வான்கூவர் போறாங்க. கட்டடத்தை நாந்தியிலிருக்கிற ஒரு வியாபாரி வாங்கறார். என்னையே இருக்கச் சொன்னார். நான் ஜோனே பேரைச் சொன்னேன். அவர் யோசிச்சார், அக்காவும் யோசிச்சாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. ஜூன்ல மேனேஜர் ஓடினப்போ ஜோனே அங்கேதான் நின்னுக்கிட்டிருந்தார். யாரும் அவரைக் கேக்கலை. நானும் கேக்கலை.

ஜோனே என்ன சொன்னார் தெரியுமா? "வேண்டாம் மாராமா. என் கிராமம் முழுக்க சொந்தக்காரங்க. வந்து கேட்டா நான் இல்லைன்னு சொல்லக்கூடாது, எங்க வழக்கம் அப்படி. ஒரு மாசத்துல பார் காலி." ரெண்டு நாள் பேசினோம். கடைசியில, காசு வாங்கற இடத்துல வேற ஊர் ஆளை உக்காரவைக்கலாம், நான் இல்லைன்னு சொல்லவேண்டியதில்லை, அவன் சொல்லட்டும்னு அவரே வழி கண்டுபிடிச்சார். ஜனவரியில கோர்ட்ல மாத்தறோம்.

அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். கரும்புக்காட்டு ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தார். இப்போ வெட்டு நடக்குது. ரொம்ப நாள் கழிச்சு என் முகத்தைப் பாத்தார். "அங்கேயும் எவனோட அப்பனா இருந்தாலும், போதும்னா போதும்னு சொல்லு"ன்னார். அப்புறம் கத்தியை எடுத்துக்கிட்டு வரிசைக்குள்ள போயிட்டார். நான் திரும்பி நடந்தேன், ரோடு வர்ற வரைக்கும் எதையும் பாக்கலை.

அதனால வர்றேன். ஆனா மாஸ்டர், ரெண்டு விஷயம். டோரதியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், எனக்காக நீங்க பேசாதீங்க. கவுண்டர்ல நான் ஒண்ணு சொன்னா, அது உங்களுக்கும் சேத்துத்தான். வீட்டுல நீங்க என்ன வேணும்னாலும் திருத்துங்க. அம்மாவுக்கு விருத்தாசலத்துக்கு நீங்களே எழுதிடுங்க, நான் என்ன வேலை செய்யறேன்னு மறைக்காம.

வந்து எனக்குப் பிடிக்கலைன்னா என்ன செய்வேன்னு தெரியலை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

லீலாவதி


ஆக்லாந்து
9 பிப்ரவரி 1988

அன்புள்ள லீலா,

இது உனக்குக் கிடைக்குமோ, அதற்குள் நீ நாந்தி விமான நிலையத்தில் நிற்பாயோ தெரியாது. எழுதாமல் இருக்கமுடியவில்லை.

உன் வேலை அனுமதி வந்த அன்றே அம்மாவுக்கு எழுதினேன். என் மனைவி ஒரு பாரின் மேனேஜர், அவளுடைய அனுமதியில்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன் என்று. பதில் வரவில்லை. வராமலும் போகலாம். கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன், பகலில் படிக்கலாம், சாயங்காலம் காலி கிளாஸ் பொறுக்கலாம்.

ராமச்சந்திரன் வீட்டிலிருந்து வந்துவிட்டேன். பப்புக்கு மேலேயே ஒரு அறை. கீழே சத்தம் வரும். ஜன்னல் சரியாக மூடாது, இரண்டு நாளாகக் காகிதம் மடித்துச் செருகிக்கொண்டிருக்கிறேன். தூக்கம் வரவில்லை. நீ இந்த அறைக்குள் வந்து முதலில் என்ன சொல்வாய் என்று ஒவ்வொரு பொருளையும் உன் கண்ணால் பார்த்துப் பார்த்து இடம் மாற்றுகிறேன்.

இன்று காலை டோரதி, "உன் மனைவி எப்போது ஆரம்பிப்பாள்?" என்று கேட்டாள். சனிக்கிழமை வருகிறாய், இரண்டு நாள் ஓய்வு எடுக்கட்டும் என்று கணக்குப் போட்டு, செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உன்னைக் கேட்கவில்லையே என்று தோன்றியது. கீழ் அறையிலிருந்து திரும்பப் படியேறிப் போய், இன்னும் முடிவாகவில்லை, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டோரதி ரொம்ப நேரம் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை உனக்குச் சரிப்படுமா?

பாஸ்கரன்